பாத்தியில் விரித்த தாள் எங்கே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மண்ணில் மக்கும் என்று சொன்ன கறுப்புத் தாளை வாங்கிக் கீரைப் பாத்தியில் விரித்தேன். மண்ணுக்குள் புதைத்த ஓரம் நைந்துபோய்விட்டது. மேலே வெயிலில் கிடந்த பகுதி அப்படியே இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?"

பெரும்பாலும் இல்லை. ஓரம் மட்டும் நைந்தது நல்ல அறிகுறிதான்.

மண்ணை இப்படி மூடிவைக்கும் மூடாக்கு எதற்கு என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. மண்ணில் நேராக வெயில் படாததால் ஈரம் நிற்கும், வெளிச்சம் கிடைக்காத களை எழும்பாது. கீரைக்குக் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. மழைத்துளி விழுந்து தெறிக்கிற சேறு இலையில் ஒட்டாது. மண்ணில் இருக்கும் நோய்க்கிருமிகள் இலைக்கு ஏறும் வழிகளில் அந்தத் தெறிப்பும் ஒன்று. இலையையே அறுத்துச் சாப்பிடுகிற பயிருக்கு இது சின்ன விஷயமில்லை.

சாதாரண பாலிஎத்திலீன் தாளும் இதையெல்லாம் செய்யும். தொல்லை அறுவடைக்கு அப்புறம்தான். மெல்லிய தாள் கிழிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், முழுதாகப் பொறுக்கி எடுக்க முடியாது. அதன் மூலக்கூறு, கார்பனும் கார்பனும் கைகோத்த நீண்ட சங்கிலி. நுண்ணுயிரின் நொதி (பொருள்களை வெட்டும் என்சைம்) பல் பதிக்க அதில் இடுக்கே கிடையாது. மக்கும் தாள்களில் பரவலாகப் பயன்படுவது பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர். இதன் சங்கிலியில் சிறு இடைவெளிகளில் எஸ்டர் பிணைப்புகள், அதாவது ஆக்சிஜன் நடுவில் நின்று கோக்கும் இணைப்புகள், வரும். சரியான நொதி இருந்தால், அந்த இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நுழைந்து சங்கிலி அறுந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பி.பி.ஏ.டி. ஆலையில் மனிதன் செய்த பொருள். மண்ணில் கிடக்கும் பூஞ்சை தன் பரம்பரையில் அதைக் கண்டதே இல்லை. அப்படியிருக்க, அதை வெட்டும் நொதி பூஞ்சையிடம் எப்படி வந்தது?

பதில் கீரை இலையிலேயே இருக்கிறது. இலையின் வெளிப்பரப்பில், மெழுகோடு சேர்ந்து, கியூட்டின் என்றொரு பொருள் படலமாகப் படிந்திருக்கிறது. கியூட்டின் ஒரு பாலியெஸ்டர்! செடிகள் தண்ணீரை விட்டுத் தரைக்கு ஏறி 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. காற்றில் உலர்ந்து சாகாமலிருக்க அவை போர்த்திக்கொண்ட சட்டை இது. இலைக்குள் புகப் பார்க்கும் பூஞ்சைகளும், உதிர்ந்த சருகைத் தின்னும் நுண்ணுயிர்களும் இந்தச் சட்டையைக் கிழிக்க வேண்டியிருந்தது. அதற்கு வந்த கத்தரிதான் கியூட்டினேஸ் நொதி.

அந்தக் கத்தரியின் அமைப்பும் அழகு. கொழுப்பை வெட்டும் லைபேஸ் நொதிகள் பலவற்றில் வெட்டும் இடத்தின் மேல் ஒரு மூடி இருக்கும். கியூட்டினேஸில் அந்த மூடி இல்லை, வெட்டுவாய் வெளியே திறந்தே கிடக்கிறது. அதனால் கெட்டியான பரப்பின் மேல் உட்கார்ந்து, பருத்த சங்கிலியையும் பற்றி அறுக்க முடிகிறது. எதிரே இருப்பது இலைத்தோலா, ஆலைத்தாளா என்று அதற்குத் தெரியாது. எஸ்டர் வாகாக அகப்பட்டால் போதும்.

அறுந்த துண்டுகள் நீரில் கரையும் அளவுக்குச் சிறியவை. நுண்ணுயிர் அவற்றை உள்ளே இழுத்து ஒரு பகுதியை எரிபொருளாக்கும், மீதியில் உடம்பு வளர்க்கும். "கண்ணுக்கு மறைந்தால் மக்கிவிட்டது என்று ஆகுமா?" என்ற நியாயமான சந்தேகத்துக்கு, 2018இல் ஜூரிக் ஆய்வாளர்கள் செய்த சோதனை நல்ல பதில். பி.பி.ஏ.டி.யின் மூன்று கட்டுமானத் துண்டுகளிலும் தனித்தனியாகக் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனை அடையாளமாக வைத்து மண்ணில் போட்டார்கள். மூன்றின் கார்பனும் வெளிவந்த கார்பன் டை ஆக்சைடில் இருந்தது, பூஞ்சை இழைகளுக்குள்ளும் இருந்தது. அதே ஆண்டு வந்த ஐரோப்பியத் தரம் இ.என். 17033, மண்ணில் 2 ஆண்டுக்குள் 90% கார்பன் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும் என்கிறது.

இப்போது வாசகரின் ஓரத்துக்கு வருவோம். புதைந்த இடத்தில் ஈரமும் நுண்ணுயிர்களும் சேர்ந்திருந்தன, வேலை நடந்தது. மேலே காய்ந்து கிடந்த தாளில் இரண்டுமே குறைவு. அறுவடை முடிந்ததும் உழுது மண்ணுக்குள் தள்ளினால் அதன் முறையும் வரும்.

ஒரு எச்சரிக்கை. "உரமாகும்" என்ற முத்திரை வேறு, "மண்ணில் மக்கும்" என்பது வேறு. தாவர மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் உரக்கூடத்தில் சிதையும், சாதாரண மண்ணில் நெடுங்காலம் அசையாமல் கிடக்கும்.

இயற்கையிலிருந்து வந்தால் மக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்தால் மக்காது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். என்னைக் கேட்டால் இதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். கரும்பிலிருந்து செய்த பாலிஎத்திலீன் மக்காது. பி.பி.ஏ.டி.யின் மூலப்பொருள்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அது மக்குகிறது. பிறப்பைப் பார்த்துப் பயனில்லை, பிணைப்பைப் பார்க்க வேண்டும். அதற்காக எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். தரச் சோதனை நடப்பது மிதமான சூட்டில், ஆய்வுக்கூடத்தில். குளிர்ந்த வயலிலும் வறண்ட வயலிலும் வேகம் குறையும். வருடாவருடம் தாளை உழுதுகொண்டே போனால் என்ன சேரும் என்று பார்க்க, அதே நிலத்தைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். ஆய்வுக்கு நிதி தருபவர்களோ இரண்டு மூன்று ஆண்டில் அறிக்கை கேட்கிறார்கள்.

வைக்கோல் போதாதா என்றால், பல இடங்களில் போதும். மேலே பரப்பி வைக்கும் வரை சிக்கலில்லை. மண்ணோடு கலந்துவிட்டால், கார்பன் மிகுந்த அதைத் தின்ன நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைக் கடன் வாங்கும், இலைப்பயிர் வெளுக்கும். நெருக்கமாக விதை தூவும் கீரைக்குத் தாளும் உதவாது. ஓட்டை போட்டு நாற்று நடும் பயிருக்குத்தான் சரி. கீரை சில வாரங்களில் முடிந்துவிடும், தாளோ சில மாதம் தாங்கும். எனவே அதே ஓட்டைகளில் அடுத்த நடவையும் வைத்துவிட்டு உழுவது நல்லது. ஆனால் தாள் நைய ஆரம்பித்த பிறகு அறுக்கும்போது, துணுக்குகள் இலைக்கட்டோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.