21-ஆவது ஆள் கதவைத் தட்டும்போது: அகப்பக்கத்துக்கு எந்த ஹோஸ்டிங் திட்டம்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வையுங்கள். சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு சுட்டு விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 8.30 மணிக்குத் தங்கள் அகப்பக்கத்தின் இணைப்பைப் புலனக் குழுக்களில் போடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் 300 பேர் அதைத் தொடுகிறார்கள். முதலில் வந்தவர்களுக்குப் பக்கம் திறக்கிறது. அடுத்து வந்தவர்களுக்கு வெள்ளைத் திரையில் 508 என்ற எண் மட்டும் தெரிகிறது. 8.45-க்கு எல்லாம் பழையபடி ஓடுகிறது, ஆனால் ஆர்டர் போட வந்தவர்கள் அதற்குள் வேறு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அகப்பக்கத்தை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினிதான் சர்வர், அதில் இடம் வாடகைக்கு எடுப்பதுதான் ஹோஸ்டிங். இந்த நிலையில் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை: “100 ஜிபி திட்டத்துக்கு மாறுங்கள்.” அந்த அகப்பக்கம் மொத்தமே 2 ஜிபிதான் இருக்கும். இடம் போதாமல் போனதே இல்லை. போதாமல் போனது வேறொன்று. அது என்னவென்று தெரிந்துகொண்டால் திட்டம் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

அகப்பக்கம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கட்டிய பக்கம் சர்வரில் ஆயத்தமாக உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் இணைப்பைத் தொட்ட பிறகுதான் பிஎச்பி நிரல் எழுகிறது. தரவுத்தளத்தில் பொருளின் பெயர், விலை, கையிருப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பக்கத்தைக் கட்டி அனுப்பிவிட்டு ஓய்கிறது. அடுத்த ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்குச் செயலி நேரமும் நினைவகமும் வேண்டும்.

மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான அகப்பக்கங்கள் குடியிருக்கும். பழைய லயன் வீடுகளின் பொதுக் குழாயை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வேலை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இதைத் தடுக்க, கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வால்வு வைக்கிறது. பல திட்டங்களில் வால்வின் அளவு ஏறத்தாழ இப்படி இருக்கும்: செயலி ஒரு கோர், நினைவகம் 1 ஜிபி, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய நிரல் வேலைகள் 20. கடைசி அளவுக்கு ‘என்ட்ரி பிராசஸ்’ என்று பெயர். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஜிபி இருக்கும், இந்த எண்களோ விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கும்.

இப்போது அந்த 8.30 மணியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர், ஆளுக்கு மூன்று பக்கம் என்றால் 900 பக்கம். செய்தி போட்ட முதல் நிமிடத்தில்தான் நெரிசல் அதிகம், எனவே பாதி அந்த ஒரு நிமிடத்தில் என்று வையுங்கள்: 450 பக்கம், விநாடிக்கு 7.5. ஒரு பக்கம் கட்ட 0.3 விநாடி செயலி நேரம் ஆகிறது என்றால், ஒரு கோர் விநாடிக்கு மூன்று பக்கத்துக்குச் சற்று மேல்தான் கட்டி முடிக்கும். ஏழரை உள்ளே வருகிறது, மூன்றே கால் வெளியே போகிறது. மிச்சம் நான்கு விநாடிக்கு விநாடி வரிசையில் சேர்கிறது. 20 இடமும் நிரம்ப ஐந்து விநாடி போதும். 21-ஆவதாகக் கதவைத் தட்டுகிறவருக்கு 508.

இதில் கவனிக்க வேண்டியது, பழுதின் பெயரும் பழுதின் காரணமும் வேறு வேறு என்பது. செயலி எல்லை தாண்டும்போது சர்வர் பிழை எதுவும் காட்டாது, வேலையை மெதுவாக்கும், அவ்வளவுதான். மெதுவானதால் வரிசை நீளும். வரிசை நீண்டதால் 20 என்ற எல்லை முட்டும். திரையில் தெரிவது அந்தக் கடைசிப் படி. “என்ட்ரி பிராசஸ் 40 உள்ள திட்டம் வாங்கிவிட்டோம்” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஐந்து விநாடி பத்து விநாடி ஆகும், பிரச்சினை அப்படியே இருக்கும். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ என்ற பக்கம் இருந்தால் திறந்து பாருங்கள். எந்த எல்லை முதலில் முட்டியது, எத்தனை மணிக்கு என்று வரைபடமாகவே கிடைக்கும்.

இதற்கான மருந்து பல நேரங்களில் பெரிய திட்டத்தில் இல்லை, தற்காலிகச் சேமிப்பில், அதாவது கேஷில் இருக்கிறது. ஒருமுறை கட்டிய பக்கத்தை அப்படியே வைத்திருந்து அடுத்தவர்களுக்குக் கொடுப்பது. லைட்ஸ்பீட் போன்ற சர்வர்கள் இந்தப் பிரதியைப் பிஎச்பியை எழுப்பாமலே கொடுத்துவிடும், அப்போது அது அந்த 20-இல் சேராது. மேலே சொன்ன 900 பக்கத்தில் முகப்பும் பொருள் பக்கங்களும் 800 என்று கொள்வோம், அவை அத்தனையும் கேஷிலிருந்து போகும். ஆளுக்கு ஆள் மாறும் கூடை, பணம் கட்டும் பக்கங்கள் மட்டும் 100. முதல் நிமிடத்தில் அதில் 50 வந்தால் கால் கோர் போதும். அதே மலிவுத் திட்டம், அதே இரவு, 508 இல்லை.

கேஷ் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கணினியில் மறைமுகச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, எஃப் 12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியில் முதல் வரியைச் சொடுக்கினால், சர்வர் அனுப்பிய தலைப்புகளில் ‘கேஷ்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘ஹிட்’ என்றோ ‘மிஸ்’ என்றோ இருக்கும். இரண்டாம் முறை திறக்கும்போதும் ‘மிஸ்’ என்றால் வேர்ட்பிரஸில் சேர்த்த ஏதோ ஒரு நீட்சி (பிளகின்) அதைக் கெடுக்கிறது. சில தீம்களில் மூலையில் தெரியும் சின்னக் கூடைப் படம் ஒவ்வொரு பக்கத்திலும் தனியாகப் பிஎச்பியைக் கூப்பிடும். பக்கம் கேஷில் இருந்தும் சர்வர் திணறுவதற்கு இது போதும்.

ஆர்டர் பக்கத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வாடிக்கையாளர் எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கியில் பணம் கட்டி முடித்ததும், கட்டண நிறுவனத்தின் கணினி உங்கள் சர்வரைக் கூப்பிட்டு “பணம் வந்துவிட்டது” என்று சொல்லும். அந்த நொடியில் சர்வர் 508 சொன்னால், வங்கியில் பணம் கழிந்திருக்கும், உங்கள் பட்டியலில் ‘நிலுவை’ என்றே நிற்கக்கூடும். நெரிசல் இரவு முடிந்ததும் கட்டண நிறுவனத்தின் அறிக்கையையும் ஆர்டர் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்து, சர்வர் எந்த ஊரில் இருக்கிறது? ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அமெரிக்க மேற்குக் கரைக்குக் கடலடி வடம் வழியே 14,000 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 140 மில்லி விநாடி. அதற்குக் குறைவாக யாராலும் முடியாது. ஒரு பாதுகாப்பான பக்கம் திறக்க, இணைப்பு ஏற்படுத்த ஒருமுறை, பூட்டுச் சாவி பேசிக்கொள்ள ஒருமுறை, பக்கத்தைக் கேட்க ஒருமுறை என்று வழக்கமாக மூன்று முறை போய்வர வேண்டும். முதல் எழுத்து வருவதற்குள் அரை விநாடி நெருங்கிவிடும். சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சர்வருக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து சில நூறு கிலோமீட்டர்தான். வாடிக்கையாளர் மலேசியர் என்றால் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் டவுனில் ஃபைபர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து சோதித்துவிட்டு “வேகமாகத்தான் இருக்கிறது” என்று முடிவுகட்டாதீர்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் கைப்பேசியில் இரண்டு கோடு அலை மட்டும் இருக்கும் இடத்தில் திறந்து பாருங்கள். அங்கே பக்கத்தை இழுத்து நிறுத்துவது பெரும்பாலும் படங்கள்தான். கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரு முறுக்குப் படம் 4 எம்பி இருக்கும். அகலத்தை 1,200 புள்ளியாகக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும். இதைப் பெரும்பாலும் நீங்களேதான் செய்ய வேண்டும்.

தமிழில் எழுதுவதால் இடம் அதிகம் பிடிக்குமோ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘வணக்கம்’ என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆக 21 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் 224, இரண்டாவது 174 அல்லது 175. திரும்பத் திரும்ப ஒன்றே வருவதால் ஜிசிப், பிராட்லி போன்ற சுருக்கும் முறைகள் இதை நன்றாக அமுக்கிவிடும். ஹோஸ்டிங்கில் சுருக்கம் இயங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். இடத்தைவிடப் பெரிய தொல்லை தரவுத்தளத்தின் எழுத்துக்குறி அமைப்பு. அது பழைய லத்தீன் முறையில் இருந்தால், வேறு சர்வருக்கு மாற்றும்போது தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ ஆகிவிடலாம். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று இருக்க வேண்டும். வெறும் ‘யூடிஎஃப்8’ தமிழைத் தாங்கும், வாடிக்கையாளர் பெயரோடு போடும் எமோஜியைத் தாங்காது.

வட்டு இடத்தோடு ‘ஐநோட்’ என்ற கோப்பு எண்ணிக்கையும் கேளுங்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் அரை டஜன் பிரதிகளை உண்டாக்கும். அதே கணக்கில் மின்னஞ்சல் வைத்திருந்தால் ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு. ஜிபி பாதி காலியாக இருக்கும்போதே கோப்பு எண்ணிக்கை நிரம்பி, புதிய ஆர்டர் மடல் வராமல் நிற்பது இதனால்தான். மாதாந்தர டேட்டா பெரிய விஷயமில்லை: பக்கம் 2 எம்பி, ஆளுக்கு மூன்று பக்கம், நாளுக்கு 100 பேர் என்றாலும் மாதம் 18 ஜிபிதான்.

கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், தமிழ்ப்பள்ளி அறிவிப்புகள், வாடகைக் கூடாரக் கடையின் விலைப்பட்டியல் போன்ற பக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. இவற்றுக்கு வேர்ட்பிரஸே வேண்டாம். நிலையான கோப்புகளாகச் செய்து கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே வைக்கலாம். கட்ட வேண்டிய நிரலும் இல்லை, உடைத்து நுழைய தரவுத்தளமும் இல்லை. தைப்பூசத்தன்று பத்தாயிரம் பேர் வந்தாலும் அசையாது. கோயில் நிர்வாகம் இதற்காக மாதாமாதம் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

விபிஎஸ் என்ற தனிப் பங்கு வேறு வகை. அங்கே வால்வு உங்கள் கையில், பழுது பார்ப்பதும் உங்கள் கையில். 1 ஜிபி நினைவகத்தில் இயங்குதளத்துக்கு 200 எம்பி, தரவுத்தளத்துக்கு 300 போனால் மிச்சம் 500. ஒரு பிஎச்பி வேலை 70 எம்பி தின்றால் ஒரே நேரத்தில் ஏழுதான் ஓடலாம். இந்த எண்ணிக்கையை அமைப்புக் கோப்பில் குறிக்காமல் 50 என்று விட்டுவிட்டால், நெரிசலில் நினைவகம் தீர்ந்து, இயங்குதளம் அதிகம் தின்கிற வேலையைக் கொன்றுவிடும். பலியாவது பெரும்பாலும் தரவுத்தளம். பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் போட ஓர் ஆள் வீட்டில் இல்லையென்றால் விபிஎஸ் வாங்காதீர்கள். நல்ல பகிர்வுத் திட்டம் அதைவிடப் பத்திரம்.

விலையில் முதலாண்டுத் தொகையைப் பார்க்காமல் புதுப்பிப்புத் தொகையைப் பாருங்கள், இரண்டும் சில இடங்களில் மூன்று மடங்கு வேறுபடும். சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு, அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 99.9 விழுக்காடு இயங்கும் என்ற உறுதிமொழிக்கு அர்த்தம், 30 நாளில் 43 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொன்ன சொல்லுக்குள்தான். இணைப்பைப் பூட்டிக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. டாட் காம் டாட் மை பெயர் வேண்டுமென்றால் வணிகப் பதிவு தேவை. அந்தப் பெயர் அகப்பக்கம் செய்து கொடுத்தவரின் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். அவர் ஊரை விட்டுப் போனால் பெயரும் போய்விடும். காப்புப் பிரதியையும் ஹோஸ்டிங்கிலேயே விட்டுவைக்காமல் வாரம் ஒருமுறை வீட்டுக் கணினியில் இறக்குங்கள். ஒருமுறையாவது அதிலிருந்து திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

வேறு ஹோஸ்டிங்குக்கு மாறுவதென்றால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மாறுங்கள். உங்கள் அகப்பக்கப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ் பதிவு. அதை மற்றக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது டிடிஎல் மதிப்பு. முதல் நாள் அந்த மதிப்பை 300 விநாடியாகக் குறையுங்கள். மறுநாள் இரவு ஆர்டர் வாங்குவதை நிறுத்தி, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் புதிய இடத்துக்கு நகலெடுங்கள். உங்கள் கணினிக்கு மட்டும் முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய முகவரியை எழுதி ஒரு சோதனை ஆர்டர் போடுங்கள். தமிழ் சரியாகத் தெரிகிறதா, மடல் வருகிறதா என்று பார்த்த பிறகே பதிவை மாற்றுங்கள். எஃப்பிஎக்ஸ் பதில் புதிய இடத்துக்கு வந்து சேர்கிறதா என்பதைப் பதிவை மாற்றிய பிறகு இன்னொரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள், கட்டண நிறுவனத்தின் கணினி உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை. பழைய கணக்கை ஒரு வாரம் வைத்திருங்கள். பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும் அஞ்சல் சர்வர்கள் சில அங்கேதான் மடலைக் கொண்டுபோய்ப் போடும்.