வெந்நீரில் பச்சையாகும் பாசி

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் கடலில் அப்போதுதான் அறுத்த கஞ்சிப்பாசி என்ற சிவப்புக் கடற்பாசியில் ஒரு கைப்பிடியைக் கொதிக்கும் நீரில் முக்கிப் பாருங்கள். செம்பழுப்பு மங்கி, கண்ணெதிரே பச்சை தெரியும். அந்தப் பச்சை புதிதாக வந்ததல்ல. ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதம்; சூடு பட்டதும் சிதைகிறது. அது மறைத்திருந்த பச்சையம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பச்சையம் இருக்கும்போது சிவப்பு எதற்கு? பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சும், பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். கரையில் நிற்கும் பனைக்கு அது போதும். கடலுக்குள் நிலைமை வேறு. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். கலங்கிய கரையோர நீரில் நீலமும் சீக்கிரம் குறையும். மிஞ்சும் பச்சை ஒளியை, அலைநீளம் சுமார் 500 முதல் 570 நானோமீட்டர் வரை, பிடிப்பதற்குத்தான் இந்தச் சிவப்பு.

பிடித்த ஆற்றலை அது தானே வைத்துக்கொள்வதில்லை. பக்கத்திலுள்ள ஃபைக்கோசயனின் என்ற நிறமிக்கும் (620 நானோமீட்டர்), அங்கிருந்து அலோஃபைக்கோசயனின் என்ற நிறமிக்கும் (650), கடைசியில் ஒளியாற்றல் வேதிவினையாக மாறும் இடமான வினைமையத்துப் பச்சையத்துக்கும் (680) கைமாற்றுகிறது. படிக்குப் படி அலைநீளம் கூடி ஆற்றல் கொஞ்சம் குறைவதால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் வாய்க்கால்போல அது ஒரே திசையில் ஓடுகிறது. ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் படிக்கட்டுதான் ஒளிச்சேர்க்கையிலேயே மிக அழகான பகுதி.

ஆற்றல் வந்து சேர்ந்ததும் வினைமையத்துப் பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பைத் தண்ணீரிலிருந்து ஈடுகட்டுவது நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த சிறு கொத்து. நான்கு எலக்ட்ரான் போனால்தான் இரண்டு நீர் மூலக்கூறு உடைந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரும். நல்ல வெயிலில் பாசித் தண்டில் ஒட்டி நிற்கும் குமிழிகள் அவைதான்.

ஆனால் வெயில் மிஞ்சினால் வம்பு. கப்பாஃபைக்கஸ் என்ற இன்னொரு சிவப்புப் பாசியை வளர்க்கும் மூங்கில் மிதவைகளில் பாசி நீர்மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. பயன்படுத்த முடியாத ஆற்றல் வினைமையத்தின் டி1 புரதத்தைச் சிதைக்கிறது. செல் அதை ஓயாமல் புதுப்பிக்கும். காற்றடங்கிக் கடல் சுடும் நாட்களில் பழுதின் வேகத்துக்குப் புதுப்பித்தல் ஈடுகொடுக்காது. வெயிலோடு சூடும் உப்பளவு மாற்றமும் சேரும்போது தண்டு வெளுத்து, அந்த இடத்திலேயே ஒடிந்து விழும். பாசிக்கயிற்றைச் சற்றுத் தாழ்த்திக் கட்டினால் ஒளியின் கடுமை குறையும். சேறு படிந்து ஒளி மறைந்தாலோ வளர்ச்சி சுணங்கும்; அப்போது கயிற்றைத் தண்ணீருக்குள்ளேயே உதறிவிட வேண்டும்.