கழற்றும் முன் பாருங்கள்: வீட்டு முற்றத்தில் ஸ்போர்ட்ஸ் கார் திருத்துபவர்களுக்கு

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன், திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. ஜப்பானில் 1989 இல் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வெளிவந்தது. இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை, ஆளியைப் போட்டால் இமை திறப்பதுபோல் எழும்பும் முன்விளக்குகள். காரோடு ஒரு பை நிறைய உதிரிப்பாகங்களும் வந்தன. ஆறு மாதமாக வீட்டு முற்றத்தில் அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றியவை: நான்கு பிளக், பிளக் வயர்கள், இக்னிஷன் கொயில், பற்றரி, கடைசியாக ஸ்ராட்டர் மோட்டார். புதிதாகப் போட்டவை எல்லாம் நல்ல பாகங்கள். கழற்றிப் பையில் போட்டவையும் நல்ல பாகங்கள்தான். எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான்.

நோய் இதுதான். சில நாள் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சில நாள் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிவிடும். மழை பெய்த மறுநாள் நிச்சயம் அடங்கும்.

அவரை உள்ளே இருத்திச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பொனட்டைத் திறந்து அக்சிலரேற்றர் கேபிளில் கை வைத்தேன். ஐந்தாறு வினாடியில் கை பொறுக்காத சூடு. வெறுமனே ஒரு வால்வை இழுக்கும் கேபிள் அது. சூடாக அதற்கு ஒரு காரணமும் இல்லை, மின்சாரம் அதன் வழியாகப் போனாலொழிய.

இந்தக் காரில் பற்றரி பின்னால், டிக்கிக்குள் இருக்கிறது. அதன் மறை முனை, அதாவது நெகற்றிவ் முனை, காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே ஸ்ராட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் மின்னோட்டம் எஞ்சினில் இருந்து உடலுக்குத் திரும்பிவர ஒரு பின்னல் பட்டையை நம்பியிருக்கிறது. எர்த் பட்டை என்போம். அதன் இரு முனைகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. படலை அடைபட்டால் ஆடு வேலிப் பொட்டுக்குள்ளால் போகுமே, அதுபோல மின்சாரம் கேபிளுக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.

சந்தேகத்தை உறுதிசெய்ய மல்ரிமீற்றர் போதும். ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையில் வையுங்கள். மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். பற்றரி பின்னால் இருப்பதால் ஒரு நீளமான வயரைச் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். நல்ல நிலையில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 0.2 இற்குக் கீழே இருந்தால் மிக நல்லது. எங்களுக்கு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பன்னிரண்டில் மூன்று வழியிலேயே வீணானால் ஸ்ராட்டர் முனகாமல் என்ன செய்யும்? பட்டையை மாற்றி, அது பூட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பூட்டிய பின் கிறீஸ் பூசினோம். ஒரு மணித்தியால வேலை.

நம் மொழி இந்தத் தொழிலுக்கு வைத்த பெயர் பழுது பார்த்தல். பார்ப்பதுதான் வேலை, மாற்றுவது அதற்குப் பிறகு வருவது. வீட்டில் திருத்துபவர்களில் பெரும்பாலானோர் முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் இறங்குகிறார்கள்.

வீட்டில் திருத்துவதை நான் எதிர்ப்பவன் அல்லன். நானும் மாமரத்தின் கீழ் ஒரு மொரிஸ் மைனருக்கு அடியில் படுத்துத்தான் இதைப் படித்தேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது எல்லோருக்கும் கட்டாயமானது. காணொளியைப் பார்த்து ஸ்பானர் பிடிக்கக் கற்றவர்கள் பலர். ஆனால் காணொளியில் நிற்கும் கார் பெரும்பாலும் உலர்ந்த நாட்டுக் கார். திருகோணமலை நகரம் இரு புறமும் கடலை வைத்துக்கொண்டிருக்கிறது. உட்துறைமுகத்துக் காற்றும் டச்சு விரிகுடாக் காற்றும் மாறி மாறி உப்பைக் கொண்டுவந்து பூசுகின்றன. இங்கே மின் கோளாறு என்றால் பாகத்தை அல்ல, இணைப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஸ்கானர் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் தன் கோளாறைக் குறியீடாக ஸ்கானருக்குச் சொல்லும் ஓபிடி-2 என்ற பொது ஒழுங்கு அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளில் இருந்து கட்டாயமானது. அதற்கு முந்தைய ஜப்பானியக் காரில் அந்தச் செருகியையே தேடி வியர்க்க வேண்டாம். செருகி இருக்கும் கார்களிலும் குறியீடு என்பது வைத்தியரிடம் நோயாளி சொல்லும் முறைப்பாடு மட்டுமே. பி0171 என்று வந்தால் எரிகலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றிவிடுகிறார்கள். பாவம், உண்மையைச் சொன்ன சென்சர் அது! வெடித்த ரப்பர்க் குழாய் ஒன்று எங்கோ காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தூதுவனைக் கொன்றுவிட்டுக் குழாயை விட்டுவிடுகிறோம்.

சில வேளை பழுதே இருக்காது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கும் ஒருவர் ஒயில் குறைகிறது என்று பதறி வந்தார். அந்தக் காரின் சுழல் எஞ்சின் உட்சுவரில் உரசும் தன் சீல்களை நனைக்க வேண்டுமென்றே கொஞ்சம் ஒயிலை எரிக்கிறது, அது வடிவமைப்பு. அவர் செய்த உண்மையான தவறு வேறு. ஞாயிறு தோறும் காரைக் கழுவுவதற்காக எஞ்சினைக் குளிர்ந்தபடியே இயக்கி, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிடுவார். அப்படிச் செய்தால் பெற்றோல் உள்ளே தேங்கி அடுத்த முறை பிடிக்காது. எஞ்சின் சூடேறும் வரை ஓடவிடுங்கள், அல்லது கையால் தள்ளுங்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். நம் கரையோரக் கிணறுகளில் பல உவர். எம்எக்ஸ்-5 இன் சிலிண்டர் தலை அலுமினியம். உப்பு அதை உள்ளிருந்து தின்னும். குறித்த கூலன்ட்டோடு பற்றரித் தண்ணீரைக் கலப்பது பெரிய செலவல்ல. சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அழுத்தத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் முகத்துக்கு வரும்.

பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் ஊறிய பின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். திருகோணமலைத் தெருக்களில் இது தெரியாது. நுவரெலியா மலையில் இருந்து இறங்கும்போது பிரேக் சூடேறித் திரவம் கொதித்து, மிதி தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பாதி திறந்த பழைய போத்தலில் இருந்து ஊற்ற வேண்டாம்.

இனி நான் எழுத உட்கார்ந்த விடயம். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. சாதாரண ஜாக் அடியில் நுழையாது. ஆகவே பலகையில் ஏற்றுவார்கள், கையில் கிடைத்த இடத்தில் ஜாக்கைக் கொடுத்துத் தூக்குவார்கள், தாங்கிக்குப் பதில் சீமெந்துக் கல் வைப்பார்கள். பொள்ளல் சீமெந்துக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் வேண்டும், சமதளமான கொங்கிறீற்றில் வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் கிடத்திவைப்பது என் பழக்கம். எதுவும் தவறினால் கார் அதன் மேல் விழட்டும்.

துணிக்கூரைக் கார்களில் இதைவிட ஒரு மறைவான ஆபத்து உண்டு. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளின் பின்னால் இரு ஓரங்களிலும் உள்ள துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். காரை வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினால் அந்தத் துளைகள் சருகால் அடைபடும். தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரச் சட்டத்துக்குள் தேங்கும். கறள் உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ற் கடைசி நாள் வரை பளபளக்கும். ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கீழே வரவில்லை என்றால் மெல்லிய நைலோன் இழையால் எடுங்கள். ஈர்க்கு விட்டுக் குத்தினால் உள்ளே முறியும். கம்பி விட்டால் குழாய் ஓட்டையாகும்.

எர்த் பட்டை பூட்டி முடிந்ததும் அந்தத் தம்பியின் காரை நான் அப்படித்தான் பார்த்தேன். துளைகளில் இருந்து இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகு வந்தது, பாதி மண்ணாகி. இடது பக்கச் சட்டத்தை ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டினேன். முன்பகுதி டங் என்றது. பின்பகுதி அட்டைப்பெட்டி போல ஒலித்தது. முனையால் இலேசாக அழுத்தியதும் அது பாதிவரை உள்ளே போனது.

"எங்கே ஜாக் கொடுத்துத் தூக்கினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் அந்த ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் விரலை வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்ராட்டர் மாற்றியபோது தங்கைதான் காருக்கு அடியில் தலையை நீட்டி டோர்ச் பிடித்தாள், அண்ணை," என்றார்.