விண்டேஜ்: எந்த வருஷத்து விளைச்சல்?

பர்மிங்காமை ஒட்டிய பிக்கன்ஹில்லில், 1984-இல் திறந்த தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு என் மாமாவைக் கூட்டிப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் நாற்பது வருஷம் வண்டி மெக்கானிக்காக இருந்தவர் அவர். பிரிட்டனில் செய்த பழைய வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. நார்ட்டன், டிரையம்ப், பி.எஸ்.ஏ., வெலோசெட், வின்சென்ட். ஒரு வண்டி முன்னால் மாமா நின்றுவிட்டார்.

"இது என்ன மாடல், மாப்ள?"

"நார்ட்டன் 16ஹெச், மாமா."

"அது பேரு. மாடல் என்னன்னு கேட்டேன்."

"இருபத்தாறு."

"அப்படிச் சொல்லு."

விண்டேஜ் என்ற சொல்லின் வேர்ப்பொருள், எந்த வருஷத்து வண்டி என்ற அந்தக் கேள்வியில் இருப்பது ஊர் திரும்பி அகராதியைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

இது திராட்சைத் தோட்டத்துச் சொல். லத்தீனில் 'வீனும்' என்றால் திராட்சை மது, 'தேமெரே' என்றால் பறித்து எடுப்பது. இரண்டும் சேர்ந்து 'விண்டேமியா', அதாவது திராட்சை அறுவடை. அது பழைய பிரெஞ்சில் 'வாந்தாஞ்' ஆயிற்று. இன்றைக்கும் பிரான்சில் திராட்சை பறிக்கும் காலத்துக்கு அதுதான் பெயர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இடத்தில், மது வியாபாரியைக் குறித்த 'விண்ட்னர்' என்ற சொல்லின் சாயல் படிந்து 'விண்டேஜ்' என்று வடிவம் மாறியது.

முதலில் அறுவடை. பிறகு ஒரு குறிப்பிட்ட வருஷத்து அறுவடையில் வடித்த மது. மழையும் வெயிலும் சரியாக வாய்த்த வருஷத்து மதுவுக்கு மதிப்பு கூடியதால், 'நல்ல வருஷத்துச் சரக்கு' என்ற பொருள் வந்தது. அங்கிருந்து 'பழையது, ஆனால் உயர்ந்தது' என்ற பொருளுக்கு நகர்ந்து, கடைசியில் கார், மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், புடவை வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தும் வருஷக் கணக்கை அது விடவில்லை.

வண்டி உலகத்தில் அந்தக் கணக்கு கறாரானது. 1934-இல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930 டிசம்பர் 31 வரை செய்த கார்களையே விண்டேஜ் என்று கொண்டது. அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடியில், செலவைக் குறைத்து மொத்தமாக அடித்துத் தள்ளிய கார்களில் பழைய கைவேலை இல்லை என்பது அவர்கள் ஆதங்கம். 1946-இல் டிட்ச் ஆலன் முன்னின்று தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பும் அதே கோட்டைப் போட்டது. 1914 முடிய வந்தவை 'வெட்டரன்', 1915 முதல் 1930 வரை 'விண்டேஜ்', அதன் பின் வந்தவை 'போஸ்ட் விண்டேஜ்'. பின்னாளில் இருபத்தைந்து வருஷம் ஆன எந்த வண்டியும் கிளப்புக்குள் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். வகைப் பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன.

அந்த 1926 நார்ட்டனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், கோடு ஏன் அங்கே விழுந்தது என்பது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் டேங்க் இன்றைய வண்டி போலச் சட்டத்தின் மேல் கவிந்து உட்காரவில்லை. மேலே இரண்டு குழாய் ஓடுகிறது, நடுவில் தட்டையான நீளப் பெட்டியாக டேங்க் செருகியிருக்கிறது. கியர் காலில் இல்லை. டேங்கின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. ஹேண்டில்பாரில் சின்னச் சின்ன லீவர்கள். ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே கையால் முன்னே பின்னே தள்ளிக் கொடுக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள் வில்தான் முதுகுக்குக் காவல். 1930-ஐ நெருங்கும்போது தட்டை டேங்க் போய்க் கவிந்த டேங்க் வருகிறது. கொஞ்ச வருஷத்தில் கியரும் காலுக்கு இறங்குகிறது. ஒரு தலைமுறை வண்டி முடிந்து அடுத்தது தொடங்கிய எல்லை அது.

ஆனால் அந்தக் காலத்து வண்டி எல்லாமே உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஜார்ஜ் பிரஃப் நாட்டிங்காமில் செய்த பிரஃப் சுப்பீரியர் எஸ்.எஸ்.100, மணிக்கு நூறு மைல் போகும் என்ற உத்தரவாதத்தோடு 1924-இல் வந்தது. அடுத்த வருஷமே டிரையம்ப் 43 பவுனுக்கும் குறைவான விலையில் மாடல் பி என்ற வண்டியை இறக்கியது. விலை குறைவு, முன் பிரேக்கும் மட்டம்தான். கணக்குப்படி இரண்டுமே விண்டேஜ்!

இதே கணக்கில் நம்மைத் தொடும் ஒரு சங்கதியும் உண்டு. பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு, 'புல்லட்' என்ற பெயரை வைத்தது 1932-இல். கோடு விழுந்து இரண்டு வருஷம் கழித்து. ஆகவே எந்தப் புல்லட்டும் அந்தக் கிளப்பின் வகைப்படி விண்டேஜ் ஆகாது. மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1950-களின் ரெட்டிச் புல்லட் ஒன்றின் எதிரே நின்று, வலது பக்கம் இருந்த கியர் லீவரையும் ஹெட்லைட் கூட்டில் பதித்த ஆம்பியர் மீட்டரையும் அவர் தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தார். என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்பிரஷர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல இறக்கி, மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு ஒரே உதை. அதை அவர் காற்றில் செய்து காட்டியபோது காவலாளி சிரித்துவிட்டார். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கிய தொழில், திருவொற்றியூரில் அந்த வண்டியை வளர்த்தது. 1970-இல் பிரிட்டனில் என்ஃபீல்டு அடங்கிய பிறகும் சென்னை அதை விடவில்லை.

இந்தியச் சட்டத்தின் கணக்கு வேறு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருஷத்துக்கு மேல் ஆகி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவிலேயே இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் விண்டேஜ். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். 1970-இல் திருவொற்றியூரில் இறங்கிய புல்லட் இந்த விதிக்குள் வந்துவிடும்.

இனி தமிழுக்கு என்ன சொல்? மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி, விசையுந்து என்று இருக்கின்றன. விண்டேஜுக்கு 'பழங்கால' என்று எழுதுகிறார்கள். அதில் வயது இருக்கிறது, மதிப்பு இல்லை. 'தொன்மையான' என்றால் கீழடிப் பானை நினைவுக்கு வருகிறது. ஆசைக்கு ஒரு சொல் உண்டு. புறநானூற்றில் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டியது போல் கடுக்கும், நாள்பட வைத்த கள்தெளிவு. மது, வயது, வீரியம் மூன்றும் அந்த ஒரு தொடரில். ஆனால் இன்றைய தமிழில் 'நாள்பட்ட' என்றால் புண்ணும் நோயும்தான். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் தேர்வு 'பழம்பெரும்'. பழம்பெரும் நடிகர், பழம்பெரும் தலைவர் என்று தினமும் எழுதுகிறோம். வயதும் மரியாதையும் ஒன்றாக ஏறி நிற்கும் சொல். வெட்டரனுக்கும் அதையே போடுகிறார்களே என்றால், 1914 முடிய வந்த வண்டிகளை 'முன்னோடி' என்று பிரித்துவிடலாம். கிளப்பின் 1915–1930 வகையைத் துல்லியமாகச் சொல்லும் இடத்தில் மட்டும் 'விண்டேஜ்' என்றே வைத்துக்கொள்வது நல்லது. அது அவர்கள் போட்ட கோட்டின் பெயர்.

பெயர்ச்சொல்லாக வரும்போது, 'இது எந்த விண்டேஜ்?' என்று கேட்கும்போது, நமக்குப் புதுச்சொல்லே வேண்டாம். பட்டறையில் 'என்ன மாடல்?' என்றால் வருஷம்தான் பதில். அரிசிக் கடையிலும் போன வருஷத்து அரிசிக்குத்தான் கூடுதல் விலை. 'மாடல்' நம் சொல் அல்ல என்பவர்கள் 'எந்த வருஷத்து வண்டி?' என்று கேட்கலாம்.

அருங்காட்சியகத்தில் அந்த நார்ட்டனுக்கான விவர அட்டையைத் தமிழில் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: நார்ட்டன் 16ஹெச். பழம்பெரும் உந்துருளி. 1926-ஆம் வருஷத்து வண்டி. 490 சி.சி., கையால் போடும் மூன்று கியர்.