‘டல் ஆஸ் டிச்வாட்டர்’: சலிப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கில விமர்சனம் ஒன்றில், ஒரு படத்தின் இரண்டாம் பாதி ‘ஆஸ் டல் ஆஸ் டிச்வாட்டர்’ என்று வருகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘சாக்கடைத் தண்ணீரைப் போல மந்தமாக இருந்தது’ என்று ஆகும். படிக்கிறவர் என்ன நினைப்பார்? படத்தில் ஏதோ ஆபாசம் இருக்கிறது என்றுதான். தமிழில் சாக்கடை என்றாலே நாற்றம், கீழ்மை. ‘அரசியல் ஒரு சாக்கடை’ என்று சொல்கிறவர் அரசியல் போரடிக்கிறது என்று சொல்ல வரவில்லை. விமர்சகர் சொல்ல வந்ததோ, படம் சப்பென்று இருந்தது என்பது மட்டுமே.

டிச் என்பது வயல் ஓரத்திலோ சாலை ஓரத்திலோ வெட்டிய பள்ளம், வாய்க்கால். அதில் ஓடாமல் தேங்கிக் கலங்கிக் கிடக்கும் நீர்தான் டிச்வாட்டர். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் இந்த நீர் முதலில் சலிப்புக்கு உவமையாக வரவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காண்டர்பரி கதைகளில், ரீவ் என்ற பண்ணை மேற்பார்வையாளர் சொல்லும் கதையில் ஒரு மாவு மில்காரரின் மனைவி வருகிறாள். தலைக்கனம் பிடித்தவள். அவளைப் பள்ளத்து நீரைப் போல ‘மாண்பு’ உடையவள் என்று கிண்டல் செய்கிறார் சாசர். கிட்டப் போனால் நாறும், அதனால் எல்லோரும் எட்டியே நிற்பார்கள் என்பது உட்பொருள். அதாவது நம் ஊர்ச் சாக்கடைக்கு உள்ள அதே பொருள்தான்!

பிறகுதான் அந்த நீர் ‘டல்’லோடு சேர்ந்தது. சேர்ந்ததற்குக் காரணம் டல் என்ற சொல்லின் பல முகங்கள். அதன் பழைய பொருள் அறிவு மழுங்கியவர், மந்தபுத்திக்காரர் என்பது. ஜெர்மன் மொழியில் பைத்தியத்தைக் குறித்த ‘டோல்’ அதற்கு உறவுக்காரச் சொல். அப்புறம் கூரில்லாத கத்தி, பளபளப்பில்லாத நிறம், சுறுசுறுப்பில்லாத வியாபாரம், சுவாரசியமில்லாத பேச்சு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் பரவிவிட்டது. பள்ளத்து நீர் கலங்கல், ஒளியில்லாதது. அந்த வகையில் அது டல். சொற்பொழிவு சுவாரசியமில்லாதது, இந்த வகையில் அதுவும் டல். ஒரு சொல்லின் இரண்டு பொருளை ஒன்றோடொன்று முட்டவிடும் சிலேடை இது. உவமையின் உயிரே அந்தச் சிலேடைதான், அதனால்தான் மொழி மாறினால் செத்துப்போகிறது.

டிக்கன்ஸ் இதில் இன்னொரு பொருளையும் உரசிப் பார்த்தார். 1864-65இல் வெளிவந்த ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில் பொம்மைகளுக்கு உடை தைக்கும் பெண் ஒருத்தி, ஒருவரைப் பற்றிச் சொல்கிறாள்: டிச்வாட்டர் மாதிரி டல்லாக மட்டும் இல்லாவிட்டால், அவர் பாம்பின் பல்லை விடக் கூர்மையாக இருப்பாராம். இங்கே டல் கூர்மைக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. பள்ளத்து நீருக்கும் கூர்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. சொல் விளையாடுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘டிஷ்வாட்டர்’ என்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர். டிச், டிஷ் இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் கேட்பதால் நேர்ந்த மாற்றம் இது. வயல் பள்ளத்தைப் பார்க்காதவர்களுக்கு அடுப்படித் தண்ணீர் இன்னும் பொருத்தமாகவும் பட்டிருக்கும். இந்த வடிவம் நமக்குக் கொஞ்சம் நெருக்கம். திடமில்லாத காபியைக் கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது என்று நாமும் திட்டுகிறோம், அவர்களும் டிஷ்வாட்டர் என்றே திட்டுகிறார்கள். ஆனால் நம் கழனித்தண்ணி காபியோடு நின்றுவிடுகிறது. ஒரு நாவலைக் கழனித்தண்ணி என்று யாரும் சொல்வதில்லை.

பள்ளத்து நீருக்கு வக்காலத்து வாங்கியவரும் உண்டு. அதை நுண்ணோக்கியில் பார்த்த இயற்கை ஆய்வாளர்கள் அதற்குள் கொண்டாட்டம் நிரம்பி வழிகிறது என்கிறார்களே, அதைப் போய் டல் எனலாமா என்று கேட்டார் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ் இந்தச் சலிப்பை நாக்கால் அளக்கிறது. உப்புச்சப்பில்லாத பேச்சு, சப்பென்று முடிந்த கதை, விளக்கெண்ணெய் மாதிரி ஆள். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது பழமொழி. காதலில் ஊடல் உணவில் உப்பு அளவாக அமைந்தது போன்றது என்று குறளே (1302) சொல்கிறது. சுவாரசியத்துக்கு உப்பை அளவுகோலாக வைப்பது அவ்வளவு பழைய வழக்கம். ஆகவே ஒரு புத்தகமோ உரையோ டிச்வாட்டர் என்றால், என் தேர்வு ‘உப்புச்சப்பில்லாதது’. இதில் தண்ணீர் இல்லையே என்ற கவலை தேவையில்லை.

பேச்சுத்தமிழில் இன்னொரு நல்ல இணை உண்டு: மொக்கை. கூர் போன பென்சிலும் மொக்கை, சிரிப்பு வராத நகைச்சுவையும் மொக்கை. கூரின்மையிலிருந்து சலிப்புக்குப் போன இந்தப் பயணம் டல் என்ற ஆங்கிலச் சொல் போன அதே வழி, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளாமலே. பழைய தலைமுறை இதையே அறுவை, ரம்பம், பிளேடு என்றது. அங்கே கருவி கூரானது, அறுபடுவது கேட்கிறவர் கழுத்து. தீவிரமான கட்டுரையில் மொக்கை உறுத்தலாம், சினிமா விமர்சனத்தில் அதை விடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

டல் என்பதையே தமிழில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுதலாம், ஆனால் பொருள் மாறிவிடும். ‘ஏன் டல்லா இருக்கே?’ என்றால் வாட்டம், ‘வியாபாரம் டல்’ என்றால் மந்தம், ‘கலர் டல் அடிக்குது’ என்றால் மங்கல். சலிப்புக்கு நாம் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் வேறு: போர். அதற்கும் ஓர் ‘அடி’யைச் சேர்த்துப் போரடிக்கிறது என்று தமிழாக்கிக்கொண்டோம்.

சலிப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு உவமையான ‘டிரை ஆஸ் டஸ்ட்’ (தூசி போல வறண்டது) விஷயத்தில் சிக்கல் குறைவு. வால்டர் ஸ்காட் தன் நாவல்களின் முன்னுரைகளில் டாக்டர் டிரையஸ்டஸ்ட் என்றொரு கற்பனைப் பழம்பொருள் ஆய்வாளரை உருவாக்கினார். பின்னால் எழுத்தாளரும் வரலாற்றாசிரியருமான கார்லைல் அந்தப் பெயரைச் சுவையற்ற வரலாற்றாசிரியர்கள் எல்லோருக்கும் சூட்டிவிட்டார். தமிழிலும் வறட்சியான நடை, வறட்டு ஆராய்ச்சி என்கிறோம். தூசியை விட்டுவிட்டு வறட்சியை வைத்துக்கொண்டால் போதும்.

பெயின்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல என்ற இருபதாம் நூற்றாண்டு உவமையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் சிலேடை இல்லை, நம் வீட்டுச் சுவரிலும் பெயின்ட் காய்கிறது. 2016இல் பிரிட்டனில் ஒரு இயக்குநர், தணிக்கை வாரியத்துக்கு எதிர்ப்பாக, வெள்ளையடித்த சுவர் காய்வதைப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமாக எடுத்து அனுப்பினார். கட்டணம் கட்டினால் வாரியம் முழுப் படத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தார்கள். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று ‘யு’ சான்றிதழும் கொடுத்தார்கள்.