கியர் பாக்ஸை இறக்கினால் பைலட் பேரிங்கைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்

கிளட்ச் செட் மாற்றிச் சில மாதம்கூட ஆகவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது என்று இந்த வாரமும் ஒரு வண்டி வந்தது. இறக்கிப் பார்த்தால் பிளேட் புதுசு, பிரஷர் பிளேட் புதுசு, பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும் புதுசு. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் நுனியில் உட்கார்ந்து, சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் பைலட் பேரிங் மட்டும் பழசு. கிரீஸ் காய்ந்து, உள்வளையம் விரலுக்கு அசையவே இல்லை. சில நூறு ரூபாய் சாமானுக்காக அந்த மனிதர் இரண்டாவது தடவை கியர் பாக்ஸ் இறக்கும் கூலி கொடுத்தார்.

எல்லாக் காரிலும் இது கிடையாது. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி எஞ்சின் குறுக்கே உட்கார்ந்த முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. பொலேரோ, சுமோ, இன்னோவா மாதிரி எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில் இருக்கும். பழைய ஜீப்பில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ், அதாவது உருளைகள் இல்லாத வெறும் வளையம்.

"வண்டி ஓடும்போது சத்தமே இல்லையே, பேரிங் நன்றாகத்தான் இருக்கும்" என்று ஓனர்கள் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். ஓடும்போது சத்தம் வராது ஐயா! பெடலை விட்டிருக்கும்போது கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றுகின்றன. அப்போது பைலட் பேரிங்குக்கு வேலையே இல்லை. பெடலை மிதித்த பிறகுதான் இரண்டும் பிரிகின்றன, பேரிங்கும் அப்போதுதான் உருளுகிறது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காது கொடுத்தாலும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிக்னலில் கியரைப் போட்டு, பெடலை முழுசாக மிதித்து நிற்கும்போது கேளுங்கள். அங்கே வரும் கீச்சலும் உறுமலும் நியூட்ரலுக்கு வந்ததும் குறைந்தால் பைலட் மேல் சந்தேகப்படலாம். பெடலில் லேசாக அழுத்தம் விழுந்ததுமே ஆரம்பித்து, எந்த கியரிலும் மாறாமல் வந்தால் அது ரிலீஸ் பேரிங். பெடலை விட்டால் வந்து, மிதித்தால் நின்றுபோவது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் பேரிங்.

ஜாம் ஆன பைலட் பேரிங் சத்தம் போடாமலும் இருக்கும். மிதித்தாலும் ஷாஃப்ட்டைக் கிராங்க் இழுத்துக்கொண்டே போகும், கியர் விழாது. எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் வெண்ணெயாக விழும். பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான், அதை முதலில் பாருங்கள்.

இறக்கிய பிறகு, விரலால் ஒரு சுற்று சுற்றி "ஓகே" சொல்வது சோதனை ஆகாது. உள்வளையத்தைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். சொரசொரப்போ நடுவில் ஒரு தடங்கலோ தட்டினால் முடிந்தது கதை. ஆட்டம், கிழிந்த சீல், நீலம் பாய்ந்த நிறம், இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள் என்பதுதான் என் பழக்கம். பல கிளட்ச் செட்டுகளில் இது சேர்ந்து வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஷாஃப்ட்டின் மூக்கையும் துடைத்துப் பாருங்கள். நகத்தில் பள்ளம் தட்டினால் புது பேரிங்கும் நிலைக்காது. அதை ஏற்றுவதற்கு முன்பே ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

சீல் வைத்த பேரிங்கை பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். கிரீஸை அப்பவும் வேண்டாம், அது பிளேட்டில் தெறித்தால் கிளட்ச் வழுக்கும். எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்ஷுக்கு எஞ்சின் ஆயில்தான், கிரீஸ் அதன் துளைகளை அடைக்கும். உள்ளே அடிக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அடி விழட்டும்.

தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் கனத்தை ஷாஃப்ட்டில் தொங்க விடாதீர்கள். ஜாக் கொடுத்து, நேராக ஏற வழிகாட்டும் அலைன்மென்ட் கம்பி வைத்து, கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங் கையாலேயே எஞ்சினோடு ஒட்டிய பிறகு போல்ட்டை முறுக்குங்கள். ஒட்டவில்லை என்று போல்ட்டை முறுக்கியே இழுத்துச் சேர்த்தால் புது பேரிங் அங்கேயே அடிபடும், பிளேட்டின் நடுப்பகுதியும் வளையும்.

வண்டி கொடுக்கும் ஓனர்களே, பழைய பைலட் பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் நல்லா இருந்துச்சு, கழற்றவே இல்லை" என்று பதில் வந்தால், கியர் பாக்ஸ் ஏறுவதற்கு முன்பே புதுசு போடச் சொல்லுங்கள்.