கடல் கூண்டில் எத்தனை குஞ்சு விடலாம்?

மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலில் மீன் வளர்க்கக் கூண்டு போட வரும் குழுக்கள் முதலில் கேட்பது மானியத்தைப் பற்றி. அடுத்த கேள்வி, "சார், ஒரு கூண்டுக்கு எத்தனை குஞ்சு விடலாம்?" நான் பதிலுக்கு, "அறுவடைக்கு முந்தின நாள் உங்க கூண்டுல எத்தனை கிலோ மீன் நிக்கும்?" என்று கேட்பேன். பெரும்பாலும் யாரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

2010-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் கடல் விராலை (கோபியா) குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து, நம் பக்கம் கூண்டுக்கு அதிகம் போவது இந்த மீன்தான். 6 மீட்டர் விட்டம், 4 மீட்டர் ஆழ வலை என்றால் உள்ளே சுமார் 113 கனமீட்டர் தண்ணீர். இதற்கு 750 குஞ்சு என்பது நடைமுறையில் ஒத்துவரும் அளவு. விடும்போது ஒரு குஞ்சு 35 கிராம் என்றால் மொத்தமே 26 கிலோ. அவ்வளவு பெரிய கூண்டில் 26 கிலோ எங்கே தெரியும்? எட்டிப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான். "இன்னும் ஐந்நூறு விட்டால் என்ன?" என்ற ஆசை வருவது அந்த நேரத்தில்தான்.

ஏழு மாதம் கழித்து அதே கூண்டைப் பாருங்கள். நூற்றுக்குப் பதினைந்து செத்தாலும் மீதி 640 மீன். ஒவ்வொன்றும் மூன்று கிலோ என்றால் மொத்தம் 1,900 கிலோவுக்கு மேல். கனமீட்டருக்குப் பதினேழு கிலோ.

இந்த மீன் மூச்சு விட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்திருக்கும். கூண்டில் இருக்கும் தண்ணீர் முழுவதற்கும் 680 கிராம். ஒரு கிலோ மீன் மணிக்கு 300 மில்லிகிராம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,900 கிலோவுக்கு மணிக்கு 570 கிராம் வேண்டும். நீரோட்டம் அடியோடு நின்றுபோனால் சுமார் அரைமணி நேரத்தில் ஆக்சிஜன் பாதியாகிவிடும். கூண்டுக்குள் மீன் உயிரோடு இருப்பது வலைக் கண் வழியாக ஓடும் தண்ணீரால்தான். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மந்தமாகும். காற்றும் விழுந்துவிட்டால், விடியற்காலையில் கூண்டு நடுவே ஆக்சிஜன் மீட்டரை இறக்கிப் பாருங்கள். வெளியே இருக்கும் அளவுக்கும் உள்ளே இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

நார்வேக்காரர்கள் சால்மன் கூண்டில் கனமீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். "அங்கே 25 வைக்கிறாங்களே, நாம ஏன் வைக்கக் கூடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கடல் 10 டிகிரி குளிர். அங்கே ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். நம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் எண்ணிக்கையை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

நெருக்கத்தில் மீன் உடனே சாவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. செத்தால் யாரும் விழித்துக்கொள்வார்கள். இங்கே வளர்ச்சி மட்டும் சத்தமில்லாமல் குறையும். ஆக்சிஜன் குறைந்த மீன் தீவனத்துக்கு மெதுவாக வரும், பாதியில் விலகிவிடும். தீவனம் போடும்போது கவனியுங்கள். நெருக்கமான கூண்டில் பெரிய மீன்கள் நடுவில் அடித்துப் பிடித்துத் தின்னும். இளைத்த மீன்கள் வலையோரமாகவே சுற்றும்; வால் நுனி தேய்ந்து, மூக்கு உரசிப் புண்ணாகியிருக்கும். முப்பது மீனைப் பிடித்து எடை போட்டால் ஒரு மீன் ஒன்றரைக் கிலோ, இன்னொன்று அறுநூறு கிராம். ஒரே நாளில் விட்ட குஞ்சுகள்தான்! சராசரி எடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தால் இது பிடிபடாது.

வலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) சிப்பியும் பிடித்த வலையில் கண் பாதி அடைபட்டிருக்கும். 750 மீன் தாங்கும் கூண்டு அந்த நிலையில் அத்தனை மீனைத் தாங்காது. நீரோட்டம் பலமாக இழுக்கும் நாளில் அடிவளையத்தில் எடை போதாவிட்டால், வலைப்பை மேலே தூக்கிக்கொண்டு உள்ளே இடம் சுருங்கும். தோல் ஒட்டுண்ணிகளின் முட்டை நூல்போல வலையில் சிக்கிக்கொள்ளும். நெருக்கமாக மீன் நின்றால் பொரிந்து வரும் ஒட்டுண்ணிக் குஞ்சுக்கு அடுத்த மீன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

"கொஞ்சம் சாகத்தான் செய்யும் சார், அதுக்கும் சேர்த்துக் கூட விட்டுக்கிறோம்" என்று ஒரு குழுத் தலைவர் வாதாடினார். "அண்ணே, கூட விட்டதனாலதானே கூடச் சாகுது" என்றேன். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 1,200 குஞ்சு விட்டு, 65 சதவீதம் பிழைத்து, ஆளுக்கு இரண்டு கிலோ வந்தால் 1,560 கிலோ. 750 விட்டு வருவதைவிட 350 கிலோ குறைவு. குஞ்சுக்குக் கூடுதல் காசு, தீவனத்துக்குக் கூடுதல் காசு, இரண்டு கிலோ மீனுக்கு மூன்று கிலோ மீனின் விலையும் கிடைக்காது.

இன்னும் இரண்டு மாதம் வளர்த்தால் சரியாகிவிடாதா என்றால், வடக்குக் கடலில் (பாக் விரிகுடாவில்) அது முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் குஞ்சு விட்டால் வாடைக்காற்று வலுக்கும் முன்பே அறுவடை முடித்தாக வேண்டும். இடையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். தீவனமாகப் போடும் சங்காயம் (விசைப்படகு வலையில் வரும் கழிவு மீன்) கிடைக்காது, நாட்டுப்படகு கொண்டுவரும் சூடை மீனுக்கு விலை ஏறும். சரியாக மீனுக்குப் பசி கூடும் மாதங்கள் அவை. ஆயிரத்துக்கு மேல் வாய் வைத்திருப்பவர்கள் அப்போது தீவனத்தைக் குறைக்கிறார்கள். குறைத்ததும் பெரியது சிறியது வித்தியாசம் இன்னும் விரிகிறது.

அதற்காக ரொம்பவும் குறைத்து விடவும் வேண்டாம். பாம்பனோ போலக் கூட்டமாகத் திரியும் மீன், எண்ணிக்கை குறைந்தால் மிரண்டு தீவனத்துக்குச் சரியாக வராது. அது சிறிய மீன், கடல் விராலைவிடப் பல மடங்கு எண்ணிக்கை தாங்கும். ஆகவே கடல் விராலுக்குச் சொன்ன கணக்கைப் பாம்பனோவுக்கோ கொடுவாவுக்கோ அப்படியே போடக்கூடாது.

ஏற்கெனவே கூடுதலாக விட்டுவிட்டவர்கள் கூண்டைப் பிரித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை முப்பது மீனைத் தனித்தனியாக எடை போட்டு, சராசரியை இருக்கும் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தக் கிலோ தெரியும். கனமீட்டருக்குப் பத்து கிலோவை நெருங்கும்போதே பக்கத்தில் இன்னொரு கூண்டைத் தயார் செய்யுங்கள். முந்தின நாள் தீவனம் நிறுத்திவிட்டு, வெயில் ஏறும் முன், நீரோட்டம் ஓடும் நேரமாகப் பாருங்கள். கோரி அள்ளாமல், இரண்டு வலையையும் தண்ணீருக்குள்ளேயே ஓரம் சேர்த்துத் தைத்து, பழைய வலையை ஒரு பக்கமாக மெல்லத் தூக்கினால் மீன் தானாக நீந்திப் போகும். பாதி போனதும் அந்த வழியைத் தைத்து மூடிவிடுங்கள். அன்று மாலை வழக்கமான தீவனத்தில் பாதி போதும்.